பிள்ளைப்பாக்கத்தில் வேலை... ஊரில் ஓட்டு!

காலை 6 மணி ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் ஊர் பிள்ளைப்பாக்கம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய ஏரியும் நெல் வயல்களும்தான் இந்த ஊருக்கு அடையாளம். இன்று பெயரைச் சொன்னதுமே 'சிப்காட்டா?' என்றுதான் கேட்கிறார்கள். சோலார் பேனல் செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது இங்கேதான். ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் வல்லம் வடகால், ஒரகடம், சற்றுத் தள்ளி சுங்குவார்சத்திரம். கார், செல்போன், டயர், கண்ணாடி என உலகத்துக்குத் தேவையான பாதிப் பொருள்கள் இந்த வட்டாரத்தில் தயாராகின்றனவோ என்றுகூடத் தோன்றும்.

அந்த பஸ்களில் போகிறவர்கள் யார்? திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை என்று நம் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள். தென் மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. லைன் வீடுகளில் ஒரு ரூமுக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் இளைஞர்களும் உண்டு. ஊரில் ஒரு கடன் இருக்கும். தம்பியின் படிப்போ, பாதியில் நிற்கும் வீட்டுச் சுவரோ இருக்கும். வறுமையை ஒழிக்க எந்தத் திட்டம் வந்ததோ வரவில்லையோ, இவர்கள் மாதா மாதம் அனுப்பும் பணம்தான் அந்த வீடுகளில் வறுமையை ஒழித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால், தேர்தல் நேரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். ஓட்டு கேட்டு வரும் வேன் ஊருக்குள் தெருத் தெருவாகப் போகும். விடுதி வாசலில் மட்டும் அதிக நேரம் நிற்காது. நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. 500 பேர் தங்கியிருக்கும் கட்டடத்தில் 5 ஓட்டு தேறாது என்பது பூத் கமிட்டிக்காரருக்கு நன்றாகத் தெரியும். அங்கே இருப்பவர்களின் பெயர் எல்லாம் செங்கத்திலோ, சங்கராபுரத்திலோ, ஒடிசாவின் ஏதோ ஒரு கிராமத்திலோ இருக்கிறது.

எந்தக் கட்சியும் வறுமை வேண்டும் என்று தேர்தல் அறிக்கை எழுதியதில்லை. எல்லோருமே அதை ஒழிப்பதாகத்தான் சொல்கிறார்கள். பட்ஜெட்டில் கை வைக்க வேண்டிய நாளில் எது முதலில் வெட்டப்படுகிறது, எதைத் தொடவே பயப்படுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அரிசிக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

தமிழ்நாட்டில் யாராலும் கை வைக்க முடியாத ஒன்று ரேஷன் அரிசி. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி' என்று தி.மு.க. சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் 'ஒரு படி நிச்சயம்' என்று இறங்கி வந்து, சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. ஆனால், அரிசி விலை ஓட்டாக மாறும் என்பதை அன்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். 1997-ல் மத்திய அரசு ரேஷன் அட்டைதாரர்களை வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் இலவசம். ஒரு கட்சி ஒரு படி இறங்கினால் அடுத்த கட்சி இன்னொரு படி இறங்கியது.

இதைக் கட்சிகளின் கருணை என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அரிசி வாங்குகிறவரும் ஓட்டுப் போடுகிறவரும் ஒரே ஆள், ஒரே தெரு. கடையில் அரிசி வரவில்லை என்றால் அன்று மாலையே கிளைச் செயலாளர் வீட்டு வாசலில் நான்கு அக்காக்கள் நிற்பார்கள். அவர் ஒன்றியச் செயலாளருக்குப் போன் போடுவார். கட்சிக்குள் ஒரு விஷயம் மேலே போகும் பாதை அதுதான். 2019-21 கணக்கெடுப்பை வைத்து நிதி ஆயோக் வெளியிட்ட பல பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாட்டின் அளவு 2.20 சதவிகிதம், இந்தியாவின் அளவு 14.96. இந்த வித்தியாசத்தில் அந்த வாசல்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எடின்பரோவில் நடந்தது

சரி, ஓட்டு இல்லாத ஏழைக்காகக் கட்சிகளிடம் யார் பேசுவது? இது பிள்ளைப்பாக்கத்துக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல. உலக வங்கியின் 2025 கணக்குப்படி, ஒரு நாளைக்கு 3 டாலருக்கும் குறைவான வருமானத்தில் வாழ்கிறவர்கள் சுமார் 80 கோடி பேர். அவர்களில் பெரும்பாலானோர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவக்கூடிய பணமோ லண்டனிலும் வாஷிங்டனிலும் இருக்கிறது. அங்கே அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

2005 ஜூலை 2 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வெள்ளை உடையில் ஊர்வலம் போனார்கள். கையில் வெள்ளை ரப்பர் வளையம். சில நாள்களில் அருகில் கூடவிருந்த ஜி-8 தலைவர்களிடம் அவர்கள் கேட்டது மூன்று விஷயங்கள்: ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யுங்கள், உதவியை அதிகப்படுத்துங்கள், வணிகத்தில் நியாயமாக நடந்துகொள்ளுங்கள். சர்ச், தொழிற்சங்கம், பள்ளிக்கூடம் என்று எல்லாத் தரப்பும் அதில் இருந்தது.

அதன் தொடர்ச்சியாக, 2010 தேர்தலில் பிரிட்டனின் மூன்று பெரிய கட்சிகளும் தேசிய வருமானத்தில் 0.7 சதவிகிதத்தை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்குவதாக அறிக்கையில் எழுதின. 2015-ல் அது சட்டமே ஆனது. கட்சிகளை இணங்க வைப்பதில் இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்கிறது என்றுதான் அன்று நினைத்திருப்பார்கள்.

2021-ல் கொரோனா செலவைக் காரணம் காட்டி கன்சர்வேட்டிவ் அரசு அதை 0.5 ஆகக் குறைத்தது. 2025 பிப்ரவரியில் ராணுவச் செலவுக்காக, 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது லேபர் அரசு. சட்டம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. பலன் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்ததால், வெட்டியபோது எந்த எம்.பி.யின் வீட்டு வாசலிலும் அவர்களால் வந்து நிற்க முடியவில்லை. ஆனால், அந்த 2005-லேயே ஒப்புக்கொண்டு ரத்து செய்த கடன் ரத்தானதுதான். சதவிகிதத்தைக் குறைத்த மாதிரி அதைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

நெடுஞ்சாலையில் ஓர் இரவு

2021 டிசம்பர். சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலரைப் பற்றித் தகவலே இல்லை, இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. யாரும் இறக்கவில்லை. ஆனால், அதை நம்பும்படியாகச் சொல்ல அந்தப் பெண்களுக்கு ஓர் ஆள் இல்லை. சங்கம் இல்லை, வார்டு உறுப்பினர் தெரியாது, எம்.எல்.ஏ. யாரென்று தெரியாது. இரவோடு இரவாகச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கிராமத்தில் என்றால் இதே புகார் ஒரு போனில் முடிந்திருக்கும். போன் போட ஆள் இல்லாதவர்களுக்கு நெடுஞ்சாலைதான் கிளைச் செயலாளர் வீடு! அந்த மறியலுக்குப் பிறகு ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. விடுதிகளையும் சாப்பாட்டுக்கூடங்களையும் சரிசெய்வதாக நிறுவனம் சொன்னது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் நம் பெண்கள் படுத்திருந்த தரையைப் பற்றி எழுதின.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கும் மாபெரும் குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். அந்த ஒரு மறியலால்தான் இது வந்தது என்று நான் சொல்லவில்லை. பெரிய ஆலைகளுக்குப் பக்கத்தில் தங்குமிடம் வேண்டும் என்ற யோசனைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த டிசம்பருக்குப் பிறகு, பெண் தொழிலாளி எங்கே தூங்குகிறாள் என்பது முதலீட்டுப் பேச்சில் ஒரு விஷயமாகிவிட்டது. கட்டடம் கட்டியாகிவிட்டது. அடுத்த பட்ஜெட்டில் யாரும் அதை 0.3 ஆகக் குறைக்க முடியாது.

நான்கு நாளில் மாறிய மனசு

2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் சட்டத்திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று அரசு விளக்கியது. கர்நாடகா அதற்கு இரண்டு மாதம் முன்பே இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. போட்டியில் பின்தங்கிவிடக் கூடாது என்பது அரசின் கவலை. அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆலை வந்தால்தானே வேலை!

ஆனால், கணக்கைப் பெண்களின் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். 12 மணி நேரம் லைனில் நிற்க வேண்டும். போக வர பஸ் நேரம் தனி. விடுதியில் குளியலறைக்குக் காத்திருப்பது தனி. வீட்டிலிருந்து வருகிறவர் என்றால் சமையல் தனி. தூங்க எத்தனை மணி நேரம் மிச்சம்? 'விருப்பம் உள்ளவர்களுக்கு' என்ற வார்த்தைக்கு, ஏஜென்சி மூலம் கான்ட்ராக்ட்டில் வந்த பெண்ணிடம் என்ன அர்த்தம் இருக்க முடியும்?

இந்த முறை அந்தப் பெண்கள் சாலைக்கு வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக வேறு சிலர் எழுந்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ், ம.தி.மு.க. என்று ஆளும் கூட்டணியில் இருந்த கட்சிகளே அவையிலிருந்து வெளிநடப்பு செய்தன. தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் எதிர்த்தது. சங்கங்கள் மே 12 அன்று வேலைநிறுத்தம் என்று தேதி குறித்தன. ஏப்ரல் 24 அன்று, அதாவது நான்காவது நாள், மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வரே அறிவித்தார்.

ஓட்டு இல்லாதவர்களுக்காக ஒரு கட்சி மனம் மாறியதற்கு நம் காலத்தில் நடந்த நல்ல உதாரணம் இது. எதிர்க்கட்சியின் அறிக்கையைவிட, கூட இருப்பவரின் வெளிநடப்பு அதிகமாகச் சுட்டது. கோரிக்கையும் 'தொழிலாளர் நலம் காக்க வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக இல்லை. 'இந்த மசோதாவைத் திரும்பப் பெறு' என்று ஒரே வரியில் இருந்தது. எடின்பரோவில் கடன் ரத்து நிலைத்ததற்கும் இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டது குறிப்பாக இருந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் வழி இல்லை.

2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நடந்த சாம்சங் வேலைநிறுத்தத்திலும் கூட்டணிக் கட்சித் தலைவர்கள் போராட்டக்காரர்களைச் சந்திக்க நேரில் போனார்கள். மூன்று அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டி வந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அதில் முன் நின்றவர்கள் நிரந்தரத் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கீழே கான்ட்ராக்ட் ஆள்கள், அவர்களுக்கும் கீழே கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் இருப்பவர்கள் என்று படிக்கட்டு போய்க்கொண்டே இருக்கிறது. கடைசிப் படியில் இருப்பவரின் சம்பளச் சீட்டைப் பற்றிப் பேச எந்தக் கொடியும் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014 நவம்பரில் மூடினார்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அவர்களோடு அந்தக் கோபமும் ஐம்பது தொகுதிகளுக்குச் சிதறிப்போனது. எந்த ஒரு தொகுதியிலும் அது தேர்தலை மாற்றும் அளவுக்கு இல்லை.

அட்டை நகர்கிறது, ஓட்டு நகரவில்லை

'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஒடிசா அட்டையை வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். ஓட்டுக்கும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 2019 தேர்தலில் 30 கோடிக்கும் அதிகமானோர் வாக்களிக்கவில்லை, அதற்கு இடப்பெயர்வு ஒரு முக்கியக் காரணம் என்று சொன்ன தேர்தல் ஆணையம், ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளுக்கு ஓட்டுப் போடும் வசதியை உருவாக்கியது. 2023 ஜனவரி 16 அன்று 8 தேசியக் கட்சிகளையும் 57 மாநிலக் கட்சிகளையும் அழைத்தது. எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் எதிர்த்தன. வெளிமாநிலத்தில் பூத் ஏஜென்ட் யார், நடத்தை விதி எப்படிச் செல்லும், இடம்பெயர்ந்தவர் என்று யாரைச் சொல்வது என்ற கேள்விகள் நியாயமானவைதான். இயந்திரத்தின் செயல்விளக்கமே அன்று நடக்கவில்லை. ஆனால், 'இது வேண்டாம், இதற்குப் பதில் இதைச் செய்யுங்கள்' என்று ஒரு கட்சியாவது மாற்றுத் திட்டத்தோடு வந்து விடாமல் வற்புறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

2025 இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போயின. அதில் சுமார் 66 லட்சம் பேர் முகவரியில் இல்லாதவர்கள் அல்லது இடம் மாறியவர்கள் என்ற வகையில் நீக்கப்பட்டார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர் தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கேள்வியை ஊரில் கேட்கலாம்

மகள் பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறாள். ஓட்டு ஊரில் இருக்கிறது. ஆனால், அந்த ஊரில் அவள் மட்டும் இல்லையே? அம்மா, அப்பா, அண்ணன், சித்தி எல்லோருக்கும் அங்கேதான் ஓட்டு. செங்கத்தில் ஓட்டு கேட்டு வருகிறவரிடம் ரோடு, குடிநீர், நூறு நாள் வேலை பற்றிக் கேட்கிறோம். அதோடு, 'எங்க பொண்ணு ஸ்ரீபெரும்புதூர்ல வேலை பாக்குறா. அவ விடுதியை யாராவது வந்து பரிசோதனை பண்றாங்களா? பி.எஃப். பணத்தை ஏஜென்சிக்காரர் சரியா கட்டுறாரா? உங்க கட்சி இதுக்கு என்ன பண்ணும்?' என்றும் கேட்கலாம். ஒரு கிராமத்தில் பத்து வீட்டில் இந்தக் கேள்வி வந்தால், அது அன்றைக்கே ஒன்றியத்துக்குப் போகும். காஞ்சிபுரம் மாவட்டத்துக் கட்சிக்காரரால் காது கொடுத்துக் கேட்க முடியாததை திருவண்ணாமலை மாவட்டத்துக் கட்சிக்காரர் கேட்டே ஆக வேண்டும். ஒடிசா இளைஞருக்கு இந்த வழி நீளமானது. இரண்டு மாநில அரசுகளைத் தாண்ட வேண்டும்.

விடுதியிலோ வாடகை ரூமிலோ நிரந்தரமாகத் தங்கியிருப்பவர் அந்த இடத்திலேயே வாக்காளராகலாம் என்கிறது சட்டம். 'வழக்கமாக வசிக்கும் இடம்' என்பதுதான் அளவுகோல், சொந்த வீடு அல்ல. பலர் தயங்கக் காரணம், ஊரில் பெயர் போனால் ரேஷன் அட்டையும் போய்விடும் என்ற பயம். இரண்டும் வேறு வேறு பட்டியல்கள். ஒன்றில் முகவரி மாற்றினால் இன்னொன்று தானாக ரத்தாகாது. ஆனால், இரண்டு இடத்தில் ஓட்டு வைத்துக்கொள்வது குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புதிதாகப் பெயர் சேர்க்க படிவம் 6, ஏற்கெனவே இருக்கும் ஓட்டை வேறு முகவரிக்கு மாற்ற படிவம் 8. இரண்டையும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம். ஊரிலேயே ஓட்டு இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு, வாக்குப்பதிவு நாளன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. கான்ட்ராக்ட் ஆள், தினக்கூலி என்று காரணம் சொல்லி யாரும் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது.